இடம் வருதல்

மேலகரம்,
10.6.2024

அன்புள்ள அத்தானுக்கு,

மாரி எழுதுவது. நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும் என்பதால் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் "ம்" என்கிறீர்கள். அதற்கு மேல் கேட்டால் சண்டை வருகிறது, இல்லாவிட்டால் நெட்வொர்க் போய்விடுகிறது. நான் அழத் தொடங்கும்போதுதான் உங்கள் நெட்வொர்க் போகிறது என்பதை நானும் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன். காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது. கையில் வந்துவிட்டால் முழுவதும் படித்தே ஆக வேண்டும்.

சாரல் ஆரம்பித்துவிட்டது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். வெளியூர்க் கார்கள் நம் தெரு வரைக்கும் வந்து நிற்கின்றன. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. பக்கத்து வீட்டு பிருஹதாம்பாள் மாமி மட்டும் தினம் ஒருமுறை எட்டிப் பார்த்து, நான் இருக்கிறேனா என்று உறுதி செய்துகொண்டு போகிறாள்.

ஆதி போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. இந்தத் திதிக்கும் நீங்கள் வரவில்லை. முதல் வருடம் எல்லையைத் திறக்கவில்லை என்றீர்கள். அடுத்த வருடம் கம்பெனியில் லீவு தரவில்லை என்றீர்கள். இந்த வருடம் காரணமே சொல்லவில்லை. ஒரு விதத்தில் எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது, இந்தத் தடவை நீங்கள் பொய்யாவது சொல்லவில்லை பாருங்கள். பெற்ற பிள்ளை போன பிறகு இந்த வீட்டு வாசலை நீங்கள் இன்னும் மிதிக்கவில்லை, அத்தான். இதை யாராவது உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டும். நான்தான் சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது.

பாண்டித்துரை அண்ணன் ராயகிரியிலிருந்து வந்திருந்தான். "ஏட்டி, ஒத்தையில இங்கன கெடந்து என்ன செய்யப்போற? வீட்டை சீசனுக்கு வாடகைக்கு விட்டுட்டு எங்கூட வா. வயக்காட்டுப் பக்கம் நாலு மனுச முகத்தைப் பாத்தாலாவது தேறுவ" என்றான். அத்தான் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவன் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அவன் ஏசியிருந்தால்கூட இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

இந்தக் கடிதம் எழுத இன்னொரு காரணம், உங்களோடு அறையில் இருக்கிற வீரகேரளம்புதூர் தம்பி பால்வண்ணநாதன். போன வாரம் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். பின்னாலேயே போன் போட்டு, "மைனி, அண்ணாச்சி வேலைக்குப் போகதுக்கு முன்னயும் சுத்துதாவ, வந்த பெறவும் சுத்துதாவ. சாப்பாட்டைக்கூட மறந்துருதாவ. நான் கூப்பிட்டாலும் காதுல விழ மாட்டேங்கு. நீங்க ஒரு வார்த்தை கேளுங்க" என்றான். வீடியோவில் நீங்கள் ஒரு பூங்காவில், முழங்காலை மடக்கி, ஒரு கையை மரத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு அந்த மரத்தையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். யாரையோ வராதே என்று தடுப்பது போலவும் இருந்தது, வா என்று கூப்பிடுவது போலவும் இருந்தது. பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செப்டம்பரில் உங்கள் கான்ட்ராக்ட் முடிகிறது. முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். உங்களிடம் கேட்பதற்கு எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் வராவிட்டால் நான் அண்ணனோடு போய்விடுவேன். அப்படிப் போனால் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன், உங்களிடமும்தான்.

இப்படிக்கு,
உங்கள் சந்தனமாரி


தைச்சுங், தைவான்,
30.6.2024

அன்புள்ள மாரிக்கு,

உன் கடிதத்தை முழுவதும் படித்தேன். நெட்வொர்க் போகவில்லை.

பாலு வீடியோ எடுத்தது எனக்குத் தெரியாது. பயந்திருப்பாய். பயப்பட ஒன்றுமில்லை. அதற்குப் பாகுவா என்று பெயர். சீனத்துச் சண்டைக் கலைதான், ஆனால் நான் பார்த்தவரை யாரும் யாரையும் அடிப்பதில்லை. எல்லோரும் ஆளுக்கொரு மரத்தைச் சுற்றி நடக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில் பெரிய கற்பூர மரங்கள் உண்டு. நீ போனை வைத்த பிறகு அறைக்குப் போகப் பிடிக்காமல் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். சோயாப்பால் கடை வைத்திருக்கிற லின் அம்மாள் ஒருநாள், சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நடந்தாலாவது உடம்புக்கு நல்லது என்று கையைக் காட்டினாள். அப்படித் தொடங்கியது.

அதில் ஒரு நடை இருக்கிறது. குதிகாலை முதலில் ஊன்றக்கூடாது, முழுப் பாதமும் ஒரே நேரத்தில் தரையில் வழுக்கிக்கொண்டு போய்ப் பதிய வேண்டும். சேற்றில் நடப்பதாக நினைத்துக்கொள் என்றாள். எனக்கு நினைத்துக்கொள்ள என்ன இருக்கிறது, நம்முடையவை நாற்று நடுகிற தொழியில் நடந்து வளர்ந்த கால்கள். முதல் நாளே வந்துவிட்டது.

உள்பக்கக் கையை நடுவைப் பார்த்து நீட்ட வேண்டும். ஆள்காட்டி விரல் வழியாக நடுவையே பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். அங்கே ஒரு எதிராளி நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அவனை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. எனக்கு எதிராளி என்று நினைக்க ஆள் கிடைக்கவில்லை. கம்பெனி சூப்பர்வைசரை நிறுத்திப் பார்த்தேன், சிரிப்புதான் வந்தது. பிறகு கொஞ்ச நாள் யாரையும் நினைக்காமல் வெறும் மரத்தைப் பார்த்து நடந்தேன்.

மாரி, அப்புறம் ஒருநாள் அங்கே ஆதி நின்றான்.

உன்னிடம் இதைச் சொல்லக்கூடாது என்றுதான் போனில் "ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். காகிதத்தில் கேட்டுவிட்டாய். அவன் பேசுவதில்லை. மரத்துக்கு முன்னால், நான் வீட்டுக்கு வரும்போது கேட் பக்கத்தில் நிற்பானே, அப்படி ஒரு காலைச் சாய்த்து நிற்கிறான். நான் சுற்றச் சுற்ற அவனும் என்னைப் பார்த்தபடியே திரும்புகிறான். நான் நின்றால் போய்விடுகிறான். அதனால்தான் பாலு கூப்பிட்டாலும் நான் நிற்பதில்லை.

கான்ட்ராக்ட்டை நீட்டிக்கச் சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதே. நான் இப்போது கிளம்பி வந்தால், பாஷை தெரியாத ஊரில் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வந்ததாக ஆகும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தான்,
மந்திரமூர்த்தி


மேலகரம்,
19.7.2024

அத்தானுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை.

பாஷை தெரியாத ஊரில் பிள்ளை தனியாக நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பாஷை தெரிந்த ஊரில் அவன் அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். மூன்று வருடத்தில் ஒரு கனவில்கூட எனக்கு அவன் வரவில்லை. அவன் தலையணையில் தலை வைத்துப் படுத்துப் பார்த்தேன், வரவில்லை. குரல் மறந்துவிடக்கூடாது என்று போனில் இருக்கிற பழைய வாய்ஸ் மெசேஜைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடல் தாண்டி உங்களிடம் மட்டும் வந்து நிற்கிறான் என்று படித்தபோது, பந்தியில் உட்கார்ந்தவளை எழுப்பிவிட்டது போல இருந்தது.

அழுது முடித்துவிட்டு அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் தடவை பயத்தில் கவனிக்காததை இப்போது கவனித்தேன். உங்கள் எந்தக் கை நடுப்பக்கம் இருக்கிறது, அத்தான்? குற்றாலநாதர் கோவிலில் எத்தனை தடவை சுற்றியிருக்கிறோம். வலக்கை சாமி பக்கம் இருக்கும். வலம் வருவது என்று அதற்குத்தான் பெயர். நீங்கள் இடக்கையை நீட்டிக்கொண்டு இடமாகச் சுற்றுகிறீர்கள். இடமாகச் சுற்றுவது எங்கே என்று உங்களுக்குத் தெரியாதா? குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கொள்ளி வைக்கப்போகிறவன்தான் அப்படிச் சுற்றுவான்.

ஆதிக்கு யாரும் குடம் தூக்கவில்லை. உங்களுக்கும் தெரியும், அண்ணன் தூரத்தில் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தான், நீங்கள் அங்கேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தொற்றுநோய்க் காலம் என்று யாரையும் கிட்டே விடவில்லை. உறையில் கட்டிக் கொண்டுவந்ததை அப்படியே உள்ளே தள்ளினார்கள். கல்யாணமாகாத பிள்ளைக்கு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டியவர் நீங்கள். அந்த மூன்று சுற்றைத்தான் இத்தனை நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். வேறொன்றும் இல்லை. சீனாவும் இல்லை, கலையும் இல்லை.

சுற்றி முடித்தால் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வர வேண்டும். நீங்கள் உடைக்கவும் இல்லை, வீட்டுக்கு வரவும் இல்லை. முடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் போக வேண்டியவன் எப்படிப் போவான்? அவனைக் காவல் காப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கட்டிப்போட்டிருக்கிறீர்கள்.

திரும்புங்கள். வலமாக நடங்கள். நான் கேட்பதற்காக ஒரே ஒருமுறை. அப்புறம் அங்கே நிற்பது நம் பிள்ளைதான் என்று உங்களுக்கு என்ன நிச்சயம்? என்ன சட்டை போட்டிருக்கிறான் என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.

சந்தனமாரி


தைச்சுங்,
9.8.2024

அன்புள்ள மாரிக்கு,

நீ அன்புள்ள என்று எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன்.

இடம் வலம் என்பது உண்மையாகவே எனக்குத் தோன்றவில்லை. இங்கே எல்லோரும் இடமாகத்தான் தொடங்குகிறார்கள், நானும் தொடங்கினேன். நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பூங்காப் பக்கம் போகவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. எங்கள் ஊரில் இப்படிச் சுற்றுவது செத்தவர்களுக்கு என்று லின் அம்மாளிடம் தெரிந்த சீனத்தில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நீ தொடங்கியது சரிதான். ஆனால் திரும்ப வேண்டும். நாங்கள் எல்லோரும் திரும்பித் திரும்பி நடக்கிறோம், நீ மட்டும் ஒரே பக்கம் போய்க்கொண்டிருக்கிறாய். திரும்பாமல் நடந்தால் அது பயிற்சி இல்லை, வியாதி" என்றாள்.

நீ கேட்டாய் என்பதற்காக வலப்பக்கம் திரும்ப முயன்றேன். வெளிக்காலை உள்ளே மடக்கி வைக்க வேண்டும், இரண்டு பெருவிரலும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி. அதுவரைக்கும் வருகிறது. அதற்கப்புறம் உடம்பைத் திருப்பும்போது ஒரு கணம் நடுவுக்கு முதுகைக் காட்ட வேண்டும். அது எனக்கு வரவில்லை. காலை மடக்கும்போதே அவன் முகம் மாறுகிறது, மாரி. நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவனுக்குத் தெரிகிறது.

ஒவ்வொரு லீவு முடிந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் உள்ளே போகும்போதும் நான் திரும்பிப் பார்க்காமல் போவேன், ஞாபகம் இருக்கிறதா? பார்த்தால் அழுவான் என்று நீதான் சொல்வாய். கண்ணாடிக் கதவு மூடுகிற வரைக்கும் என் முதுகைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். வருடா வருடம் பார்த்திருக்கிறான். இனிமேலும் அவனுக்கு முதுகைக் காட்டு என்றால் என்னால் ஆகாது.

சட்டை கேட்டிருந்தாய். பச்சைச் சட்டை. சின்னதாகக் கட்டம் போட்டது. பை ஒரு ஓரம் கிழிந்து, அதில் ஒரு ஊக்கு குத்தியிருக்கிறது. வெயில் பட்டால் ஊக்கு மின்னுகிறது.

உன் அத்தான்,
மந்திரமூர்த்தி


மேலகரம்,
2.9.2024

அன்புள்ள அத்தானுக்கு,

அந்தச் சட்டை உங்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் கடைசியாக வந்துவிட்டுப் போன பிறகு தென்காசியில் எடுத்த சட்டை அது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அதைத்தான் போட்டிருந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு, கதவுத் தாழ்ப்பாளில் பையைக் கிழித்துக்கொண்டான். வாசலில் வைத்து நான்தான் ஊக்கைக் குத்திவிட்டேன். அந்த ஊக்கை என் சேலையிலிருந்து கழற்றினேன். என் போனில் இருக்கிற படம் எல்லாவற்றையும் தேடிவிட்டேன், அந்தச் சட்டையோடு ஒரு படமும் இல்லை. அண்ணன், "வீடியோ கால்ல என்னைக்காவது பாத்திருப்பாவ" என்கிறான். சட்டையைப் பார்த்திருக்கலாம். ஊக்கை யார் பார்த்தார்கள்?

எனக்கே சந்தேகம் வந்து, அன்றைக்கு எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோக்கார யஹ்யாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பச்சைச் சட்டதான்க்கா. எறங்கும்போது அந்த ஊக்கு எங்க சீட்டுத் துணியில மாட்டி, நான்தான் எடுத்துவிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவரும் அழுதார், நானும் அழுதேன்.

ஆகவே நான் எழுதியதை எல்லாம் அழித்துவிடுங்கள். அது ஆதிதான். நான் வேறு ஏதேதோ சொல்லித் திட்டிவிட்டேன்.

நானும் நடக்கத் தொடங்கியிருக்கிறேன், அத்தான். முற்றத்தில் நாலு பக்கமும் இடம் விட்டு நிற்பது அவன் பைக் மட்டும்தான். தார்ப்பாய் போர்த்தி அப்படியே வைத்திருக்கிறேன், ஒருவரையும் எடுக்க விடவில்லை. அதைச் சுற்றி நடக்கிறேன். எனக்குப் பழக்கம் வலமாகத்தான், அப்படியே சுற்றுகிறேன். சாரலில் வழுக்குகிறது. பிருஹதாம்பாள் மாமி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னடி மாரி, வேண்டுதலா? சாமியைக் காணுமே, வண்டியைச் சுத்தறே" என்றாள். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று பொய் சொன்னேன். "அதுக்கு ரோடு இல்லையா" என்று கேட்டுவிட்டு, அங்கேயே நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் தெரியவில்லை. கால்தான் வலிக்கிறது. தார்ப்பாய்தான் தெரிகிறது. நான் ஏதோ தப்பாகச் செய்கிறேன். கை எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? கண் சிமிட்டலாமா? மனசில் அவனை நினைக்க வேண்டுமா, நினைக்காமல் இருக்க வேண்டுமா? விவரமாக எழுதுங்கள். கல்யாணமான புதிதில்கூட நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியத்தை இப்படிச் செய்ததில்லை. நீங்கள் அங்கே நடக்கிற நேரத்தைப் பால்வண்ணநாதனிடம் விசாரித்து வைத்துக்கொண்டு, அதே நேரத்தில் நானும் நடக்கிறேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ராயகிரிக்கு இப்போதைக்குப் போகவில்லை.

உங்கள் மாரி


தைச்சுங்,
25.9.2024

அன்புள்ள மாரிக்கு,

நீ கேட்டது எதையும் நான் சொல்லித்தரப் போவதில்லை. முதலில் நடப்பதை நிறுத்து.

உன் கடிதத்தைப் பூங்காவில் வைத்துத்தான் படித்தேன். மழையில் வழுக்கிக்கொண்டு நீ வண்டியைச் சுற்றுவதையும், மாமி சுவருக்கு மேலிருந்து பார்ப்பதையும் நினைத்தேன். எனக்குப் பயம் வந்தது. பாலு என்னைப் பார்த்து என்ன பயந்திருப்பான் என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளில் எனக்காக நான் பயப்படவில்லை. உனக்காகப் பயந்துவிட்டேன்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு நடந்தேன். அவன் வந்து நின்றான். வழக்கம்போல என்னையே பார்த்துக்கொண்டு திரும்பினான். "அம்மா ஒத்தையில இருக்காடா, நான் போறேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவன் முகம் மாறியது. அதைப் பார்த்துக்கொண்டே காலை மடக்கினேன். முதுகைக் காட்டினேன். கண்ணாடிக் கதவு மூடுகிற சத்தம் எனக்குக் கேட்டது என்று சொன்னால் நம்புவாயா? திரும்பி வலமாக இரண்டு எட்டு வைத்துவிட்டு நடுவைப் பார்த்தேன். மரம் மட்டும்தான் நின்றது.

எப்படி அறைக்கு வந்தேன் என்று தெரியாது. லின் அம்மாள் கடையை அப்படியே போட்டுவிட்டு என் பின்னாலேயே வந்தாளாம், பாலு சொன்னான். அன்றைக்கு அழுதேன். ஆதி போன அன்றைக்கு அழவில்லை, உனக்குத் தெரியாது. அன்றைக்கு போனில் படம் உறைந்து நின்றுவிட்டது, அது திரும்ப நகரும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு அழுவதற்கு நேரமே வரவில்லை.

வேலையை விடுவதாகக் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நவம்பர் நடுவில் விடுகிறார்கள், டிக்கெட்டும் போட்டாயிற்று. நீ சொன்னதுதான் சரி, நான் அவனைக் கட்டிப்போட்டிருந்தேன். இப்போது அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வருகிறேன், மாரி. வந்து உன் முகத்தைப் பார்க்க வேண்டும். வண்டியை யாருக்காவது கொடுத்துவிடுவோம். இல்லாவிட்டால் வைத்துக்கொள்வோம், உன் இஷ்டம். நடக்க மட்டும் நடக்காதே.

போனை எடு. பாண்டித்துரைக்கும் நீ எடுப்பதில்லையாம்.

உன் அத்தான்,
மந்திரமூர்த்தி


மேலகரம்,
15.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். முறைக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலமாக இருக்கிறேன். இந்தக் கடிதம் உங்களுக்கு நல்ல செய்தி கொண்டுவருகிறது.

ஆதி வீட்டுக்கு வந்துவிட்டான்.

வலமாகச் சுற்றிச் சுற்றி எனக்குச் சலித்துப்போயிருந்தது. ஒருநாள் மத்தியானம், சாரல் விட்டு வெயில் அடித்தது. வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தவள், என்ன நினைத்தேனோ, அப்படியே மாறி இடமாக நடந்தேன். வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பச்சைச் சட்டை, ஊக்கு, எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் முதுகைக் காட்டியதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பிறகுதான் இங்கே வந்திருக்கிறான். நீங்கள் விட்டதும் பிள்ளை வேறு எங்கே போவான், அம்மாவிடம்தானே வருவான். இடமாகச் சுற்றியதற்கு உங்களை என்னவெல்லாமோ சொன்னேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் எழுதியது போலவே, சுற்றச் சுற்ற என்னைப் பார்த்துத் திரும்புகிறான். ஆனால் ஒன்று நீங்கள் எழுதவில்லை. ரொம்ப மெலிந்திருக்கிறான். உங்களிடம் இருந்தபோது அவன் சாப்பாட்டை யார் கவனித்தார்கள்? ஆண்பிள்ளைகளிடம் விட்டால் இப்படித்தான்.

அண்ணன் வந்து கேட்டை உலுக்கி, "ஏட்டி மாரி, உனக்குக் கோட்டி புடிச்சிருக்கா" என்று தெருவே கூடும்படி கத்தினான். நான் திறக்கவில்லை. பிருஹதாம்பாள் மாமி சுவர் வழியாகச் சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறாள். போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டேன். மணி அடித்தால் கண் ஒரு நொடி அங்கே போய்விடுகிறது, அதற்குள் அவன் மங்கிவிடுகிறான்.

இனி எழுதப்போவதைப் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் வர வேண்டாம், அத்தான். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் வந்தால் அவன் உங்களைத்தான் பார்ப்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானே, நீங்கள் லீவில் வந்து இறங்கிவிட்டால் இந்த வீட்டில் நான் ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது. உங்கள் பின்னாலேயே திரிவான். நீங்கள் போன பிறகு என் மடியில் படுத்து அழுவான், சமாதானம் சொல்வது என் வேலை. உங்களோடு இத்தனை காலம் இருந்துவிட்டான். இப்போது கொஞ்ச நாள் என்னோடு இருக்கட்டும். வந்து மறுபடியும் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி நான் எழுதாவிட்டால் வருத்தப்படாதீர்கள், உட்கார்ந்து எழுத நேரம் இல்லை.

அவனை அனுப்பிவைத்ததற்கு ரொம்ப நன்றி.

ஆதி அம்மா


குற்றாலம்,
20.11.2024

அன்புள்ள மாரிக்கு,

நீ வர வேண்டாம் என்று எழுதினாய். வந்துவிட்டேன்.

ஒரு லாட்ஜில் இருந்து எழுதுகிறேன். கார்த்திகை பிறந்துவிட்டது, அறைக்கு அறை ஐயப்ப சாமிமார். ஒரு கூட்டம் அருவிக்குப் போகிறது, ஒரு கூட்டம் ஈர வேட்டியோடு வருகிறது. இரண்டு மைலில் வீட்டை வைத்துக்கொண்டு லாட்ஜில் அறை எடுத்திருக்கிறாரே என்று லாட்ஜ்காரர்கள் கேட்காமல் கேட்கிறார்கள்.

நேற்றுக் காலையில் யஹ்யா ஆட்டோவில் வீட்டுக்குத்தான் நேராக வந்தேன். கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாக உன்னைப் பார்த்தேன். நீ நடந்துகொண்டிருந்தாய். மழை தூறிக்கொண்டிருந்தது, தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. யாரும் சொல்லித்தராமலே உன் இடக்கை சரியான உயரத்தில் இருந்தது. நீ நடந்து நடந்து முற்றத்தில் வட்டமாகப் பள்ளம் விழுந்து அதில் தண்ணீர் நிற்கிறது. அந்தச் சேற்றில் பாதம் பதித்து, ஒரு சொட்டுத் தெறிக்காமல் நடக்கிறாய். கேட்டுக்கு நேராக வந்தபோது உன் முகம் எனக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை. பிள்ளை மெலிந்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். நீ எப்படி இருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா?

நானும் நடுவைப் பார்த்தேன். தார்ப்பாயும் வண்டியும்தான் இருந்தன. எத்தனை நேரம் பார்த்தும் எனக்கு அவன் தெரியவில்லை. உனக்குத் தெரிகிறான், எனக்குத் தெரியவில்லை என்பதை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது, மாரி. என் முதல் கடிதத்தைப் படித்த அன்றைக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது.

"கூப்பிடுங்க அண்ணாச்சி, உங்க குரல் கேட்டா அக்கா திரும்பிப் பாப்பாவ" என்றார் யஹ்யா. கூப்பிடவில்லை. நடக்கிறவர்களுக்கு அது காதில் விழாது. பாண்டித்துரை பூட்டை உடைத்து உன்னைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்க்க ஆள் திரட்டிக்கொண்டிருக்கிறான். எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள் மச்சான் என்று கேட்டிருக்கிறேன். "குடுக்கேன். ஆனா அவ செத்துகித்துப் போனா உங்கள சும்மா விட மாட்டேன்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை.

நீ நிறுத்து என்று கேட்க நான் வரவில்லை. அவனை அனுப்பிவிடு என்றும் கேட்க மாட்டேன். நான் எப்படி விட்டேன் என்று எனக்குத்தான் தெரியும், அதை இன்னொருவரைச் செய்யச் சொல்ல எனக்கு மனசு வராது. கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று பயப்படாதே. என் கண்ணுக்கு அவன் தெரியவே இல்லை, நான் எப்படிக் கூட்டிக்கொண்டு போவேன்?

இந்தக் கடிதத்தை மாமி இன்று ராத்திரிச் சாப்பாட்டோடு சுவரில் வைப்பாள். நாளைக் காலையில் வருவேன். பூட்டியிருந்தால் மாமி வீட்டுச் சுவர் ஏறி வருவேன். மாமியிடம் அனுமதி வாங்கிவிட்டேன், ஏணியும் தருகிறாள். வந்து உன் வட்டத்தில் இறங்கி வலமாக நடப்பேன். நீ உன் போக்கில் இடமாக நட. கண்ணை அவனிடமிருந்து எடுக்க வேண்டாம். ஒருவர் இடமாகவும் ஒருவர் வலமாகவும் போனால், ஒரு சுற்றில் இரண்டு தடவை எதிரெதிரே வந்துதான் ஆக வேண்டும். பள்ளம் ஒரு ஆள் அகலம்தான். நீ வழியைப் பார்க்க மாட்டாய், அதனால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். உன் தோள் என் மேல் பட்டுக்கொண்டு போகட்டும். மறுபடி சுற்றி வருவேன், மறுபடியும் படும்.

எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியாது. வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. ஒருநாள் ஒரு சுற்றில் உனக்கு எரிச்சல் வரும். யார் இது வழியில், எப்போது பார்த்தாலும் இடித்துக்கொண்டு என்று என் முகத்தை நிமிர்ந்து பார்த்துத் திட்டுவாய். அதுவரைக்கும் நடக்கிறேன்.

உன் அத்தான்,
மந்திரமூர்த்தி